தைலமரத்தில் பைரி இல்லை

கார்த்திகை 18, புதன்

பனி. ஏரி தெரியவில்லை. டியூட்டிக்கு முன் பார்க். தண்ணீர்த் தொட்டி மேல் பைரி, அந்தப் பெரிய வேட்டைப் பறவை, சிறகை உதறிக்கொண்டு. போன குளிருக்கு வந்த அதே பறவைதான் போலிருக்கிறது. பட்டாளத்திலிருந்து அண்ணன் கொண்டுவந்த பைனாகுலரில் கன்னத்துக் கறுப்பு மீசை தெளிவாக. ஏரியில் வடக்கத்தி வாத்துகளும் வந்தாயிற்று.

பக்கத்துவீட்டு வெங்கடப்பா பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். தையல்கடை, மாடியில் பந்தயப் புறாக்கள். இந்தப் பார்க்குக்குள் அவர் வந்து நான் பார்த்ததே இல்லை.

"நர்சம்மா, அந்தப் பறவ ராவுக்கு எங்க தங்குதுங்க?"

கவனிக்கவில்லை என்றேன், ராவிலும் அது அந்தத் தொட்டி மேல்தான் என்று தெரிந்தும். எதற்குக் கேட்கிறார்?

வெள்ளி

விளக்குத் திரி, ராகி மாவு, வெள்ளை நூல் வாங்க வேண்டும்.

வெங்கடப்பா வீட்டிலிருந்து ஒப்பட்டு, நம் போளிதான், வந்தது. பண்டிகை ஒன்றும் இல்லை. அவர் மனைவி தட்டைத் திருப்பி வாங்காமல் நின்றாள். "கண்ணாடி வெச்சுப் பாக்கறீங்களே, எல்லை அளக்க வந்த மைசூர்க்காரங்களுக்கு உளவு சொல்ற ஆளுன்னு கடையில பேசிக்கறாங்கம்மா. நாங்க நம்பலீங்க."

நம்பாதவள் ஏன் வந்து சொல்கிறாள்? ஒப்பட்டு நன்றாகத்தான் இருந்தது. சரியாகத் தூங்கவில்லை.

ஞாயிறு

பார்க்கில் மறுபடி அவர். புறா ஒன்று போய்விட்டதாம், வானத்திலேயே பைரி அடித்துக் கொண்டுபோனதாம். குரலில் கோபமே இல்லை, அதுதான் பயம்.

"எங்க குந்துதுன்னு மட்டும் சொல்லுங்க."

தைலமரம் என்றேன். ஏரிப் பக்கம் இருக்கும் காய்ந்த கிளை. பைரி அங்கே உட்கார்ந்து பார்த்ததில்லை. இனி என்ன செய்கிறார் பார்ப்போம்.

புதன்

செய்துவிட்டார்.

தைலமரத்தடியில் சருகுக்குள் ஏதோ துடிக்கும் சத்தம். பைரி அல்ல; செங்கல் நிற முதுகு, புறா அளவு. வயலுக்கு மேல் ஒரே இடத்தில் நின்று சிறகடிக்குமே, அந்த வல்லூறு. அதுவும் குளிருக்கு வந்ததுதான். ஆலம்பால் பசை தடவிய குச்சி இறக்கையோடு ஒட்டியிருந்தது. முந்தானையில் சுற்றினேன். கத்தரிக்கோலால் இறகை வெட்ட வேண்டியதாயிற்று, பாதிக்கு மேல்.

நேராகக் கடைக்கு.

"பசை வெச்சது நீங்கதானே?"

மிஷினை நிறுத்தவில்லை. "ஆமாங்க. என் புறாவுக்கு யாரு பொறுப்பு?" பிறகு நிறுத்தினார். முந்தானைக்குள் பார்த்தார். "இது அது இல்லையே. நீங்கதானே தைலமரம்னீங்க?"

முந்தானையை இழுத்து மூடினேன்.

"பொய்யா சொன்னீங்க?"

கடையில் இருந்தவர்கள் என்னைத்தான் பார்த்தார்கள்.

வெள்ளி

கூடையில் வல்லூறு. ஓணானைத் தின்றது, கடை இறைச்சியைத் தொடவில்லை. கையைக் கொத்திவிட்டது. கொத்தட்டும். பங்குனியில் மற்றதெல்லாம் வடக்கே கிளம்பும்போது இதற்கு இறகு முளைத்திருக்குமா, தெரியவில்லை.

ஞாயிறு

சாயங்காலம் வெங்கடப்பா வந்தார். உள்ளே வரவில்லை.

"மரத்துல வெச்சதெல்லாம் எடுத்துட்டேங்க." கூடையை வெகுநேரம் பார்த்தார். "அந்தப் பெருசு நெசமா எங்க குந்துது?"

"தெரியும். சொல்ல மாட்டேன்."

"சரிங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டார். சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

இப்போது மாடியில் நிற்கிறார். புறாக்களை அடைத்தாயிற்று, இறங்கவில்லை. முகம் தண்ணீர்த் தொட்டிப் பக்கம்.