கயிற்றை நான் பார்க்கவில்லை

ஞாயிறு, இரவு

செங் வட்டாரத்தில் நான் வேலை செய்யும் தொழிற்சாலைத் தோழிகளோடு இன்று பேராக் மாநிலம் போய், மலையாற்றில் ரப்பர் படகில் இறங்கினோம். பாறையில் மோதிப் படகு கவிழ்ந்தது. லைஃப் ஜாக்கெட் இருந்தும் தண்ணீர் அமுக்கியது. பயத்தில், கூட வேலை செய்யும் பிரேமா என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எனக்கு மூச்சு முட்டியது. நான் மேலே வந்தால் போதும் என்று அவளை உதைத்துத் தள்ளினேன். தள்ளிய வேகத்தில், வழிகாட்டி வீசிய கயிறு அவள் கைக்கு எட்டியது. பிறகு என்னையும் இழுத்தார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் பிரேமா எல்லாரிடமும் சொன்னாள்: "அக்காதான் என்னைக் கயிறு பக்கம் தள்ளிவிட்டாங்க. இல்லன்னா செத்திருப்பேன்லா!"

கைதட்டினார்கள். நான் அந்தக் கயிற்றைப் பார்க்கவே இல்லை. "பிரேமா, அது வந்து..." என்று தொடங்கினேன். அதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

நாங்கள் இறங்க வேண்டிய பாயா ரும்புட் வரும்வரை நான் அசையவில்லை.