நல்லம்மாவைப் பற்றி இரண்டு அறிக்கைகள்

நவம்பர் 9, 1959. திங்கள்

காலையிலிருந்து தூறல். காப்பிக் கிடங்கில் மேஸ்திரி பயிற்சி ஆரம்பம். கரும்பலகை வரவில்லை. கதவின் பின்பக்கம் சாக்கட்டியால் எழுதினேன். தலைமை ஆபீஸ் அனுப்பிய புத்தகத்தில் நல்ல மேற்பார்வையாளனுக்குப் பன்னிரண்டு குணங்கள். எழுதிய மனிதன் காப்பியைக் கோப்பையில் மட்டும்தான் பார்த்திருப்பான்.

எட்டுப் பேர். ஏழு பேர் ஏற்கெனவே மேஸ்திரிகள், எல்லோரும் கீழேயிருந்து வந்த ஆண்கள். எட்டாவது, நல்லம்மா. இந்த மலையிலேயே பெரக்கரை நாட்டுக்காரி, முப்பத்தைந்து வயதிருக்கும். காப்பிப் பழம் பறிக்கும் அறுபது பேரும் மலைப் பெண்கள். அவர்களில் ஒருத்தியாவது மேஸ்திரியாக வேண்டும் என்று மானேஜரிடம் இரண்டு வாரம் மல்லுக்கட்டி வாங்கிய இடம். இந்தச் சரிவெல்லாம் இவர்கள் சாமை விதைத்த நிலம். இப்போது அதிலேயே கூலி. அதட்ட மட்டும் வெளியாள்.

சேந்தமங்கலத்துக் கந்தசாமி மேஸ்திரி, எல்லோர் காதிலும் விழும்படி: "ஏனுங்க சார், இந்தம்மா கையில கம்பக் குடுத்துட்டா நாங்க ஊட்டுக்குப் போயி சோறாக்கறதுங்களா?"

நல்லம்மா: "ஆக்குங்க மேஸ்திரி. உப்புப் பாத்துச் சொல்றேன்."

கிடங்கே சிரித்தது. கந்தசாமியும்தான். எனக்குப் பெருமை, நானே சொன்ன பதில் போல.

வாங்க வேண்டியது: சாக்கட்டி, பேனா மசி, மண்ணெண்ணெய், இன்னொரு கம்பளி.

10, செவ்வாய்

கம்பளிக்குள்ளும் குளிர். மேஸ்திரிகள் ஆளுக்கொரு செடிவரிசையாக நிரை பிரிக்கும் லட்சணம் பார்த்தேன். வேண்டியவளுக்குப் பழம் அடர்ந்த நிரை. வேண்டாதவளுக்கு மேட்டில் பச்சைக் காய். தினமும் இதில் அரை மணி நேரச் சண்டை.

இன்று நல்லம்மாவைப் பிரிக்கச் சொன்னேன். "நேத்து மேட்டுல நின்னவளுக மொதல்ல எடுத்துக்கங்க." அவ்வளவுதான். ஐந்து நிமிடம். சண்டை இல்லை. தனக்கு மிஞ்சியதை எடுத்துக்கொண்டாள்.

யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன்.

"இதுக்குமா சார் ஒருத்தரு மலையேறி வரணும்?"

12, வியாழன்

கழுத்தில் வீக்கம்.

மரத்தில் ஏறிய மிளகுக் கொடியை யாரோ இழுக்க, மேலே இருந்த கதண்டுக் குளவிக் கூடு கலைந்துவிட்டது. கந்தசாமி ஓடினான். நானும் ஓடினேன். வேறு எங்கும் எழுதாவிட்டாலும் இதில் எழுதித்தான் ஆக வேண்டும்: ஓடினேன். கூடை இடறி விழுந்து, எழுந்து, மறுபடி ஓடினேன்.

பின்னால் நல்லம்மாவின் ஒரே சத்தம். "குந்துங்கடி!" அறுபது பேரும் மழைக்குப் போட்டிருந்த சாக்கைத் தலைமேல் இழுத்துக்கொண்டு அப்படியே செடிக்கடியில். ஒரு கை அசையவில்லை. கதண்டு அடங்கும்வரை.

கொட்டு வாங்கியது இரண்டே பேர். கந்தசாமியும் பயிற்சி அதிகாரியும்.

சுண்ணாம்பு தடவிவிட்டது அவள்தான். "ஓடுனா தொரத்துமுங்க சாமி. ஆருமே சொல்லலீங்களா?" பின்னால் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நல்ல சிரிப்புதான். எனக்குத்தான் உறைத்தது.

14, சனி

பனிமூட்டம். அறிக்கைப் படிவங்கள். ஆளுக்கு ஒன்பது கட்டம். ஏழு மேஸ்திரிகளுக்கும் ஒரே மாதிரி எழுதித் தள்ளினேன். நல்லம்மாவுக்கு ஒரு மணி நேரம்.

ஏழாவது கட்டம், பிறர் மேல் செல்வாக்கு. எழுதியது: "ஒரே சொல்லில் அறுபது பேரையும் வேலையை நிறுத்தச் செய்யக்கூடியவள்."

கதண்டு பற்றி எழுதவில்லை. எழுதினால், அப்போது அதிகாரி எங்கே இருந்தார் என்ற கேள்வி வரும். வாக்கியத்தை இரண்டு தடவை படித்தேன். கச்சிதமாக இருப்பதாகப் பட்டது.

16, திங்கள்

மானேஜர் கூப்பிட்டார். நல்லம்மாவின் படிவம் மேஜைமேல். ஏழாவது கட்டத்தில் சிவப்புப் பென்சில் கோடு.

"இவளை மேஸ்திரியாக்கணும்னு நீங்கதானே சண்டை போட்டீங்க? வேலையை நிறுத்தறவளுக்கா?"

கதண்டு விஷயத்தைச் சொன்னேன். நான் ஓடியதைத் தவிர.

"கதண்டுக்கு நிறுத்தினவ நாளைக்குக் கூலிக்கு நிறுத்த மாட்டாளா? இது தலைமை ஆபீசுக்குப் போனா என் தலை உருளும்." புதுப் படிவம் ஒன்றை நகர்த்தினார். "தகுதியில்லைன்னு எழுதிக் கொடுங்க, பழம் பறிச்சுட்டுப் போகட்டும். இல்லேன்னா நாளையிலேர்ந்து அவ தோட்டத்துக்குள்ள கால் வைக்க வேணாம்."

அவள் புருஷன் பலா மரத்திலிருந்து விழுந்து கால் போனவன். இரண்டு பிள்ளைகள். அதை நினைத்துத்தான் எழுதினேன் என்று நினைக்க ஆசை.

பத்து நிமிடம் ஆயிற்று. "பயந்த சுபாவம். முடிவெடுக்கும் திறன் இல்லை. தலைமைக்குத் தகுதியற்றவள்." மானேஜர் பழையதைக் கிழித்துக் கூடையில் போட்டார். காப்பி வந்தது. குடித்தேன்.

17, செவ்வாய்

வெயில். ஏழு பேருக்குச் சான்றிதழ். மானேஜர் பேச்சு, என் பேச்சு, கைதட்டல். நல்லம்மாவைக் கூப்பிடவில்லை.

காலையில் நிரை பிரித்தது கந்தசாமி. மேட்டைக் காட்டி அவளைப் போகச் சொன்னான். அறுபது பேரும் நகராமல் அவளையே பார்த்தார்கள். அவள் கூடையைக் கட்டிக்கொண்டு ஏறினாள். பிறகுதான் மற்றவர்கள் நகர்ந்தார்கள்.

மத்தியானம் கிடங்கு வாசலுக்கு வந்தாள்.

"எனக்குத் தகுதியில்லைன்னு எழுதீட்டீங்களாமா? ஆபீஸ் குமாஸ்தா சொன்னாருங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். முதல் அறிக்கை, சிவப்புக் கோடு, மானேஜரின் மிரட்டல். முடியும்வரை கேட்டாள்.

"என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்லீங்க."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"தெரியலீங்க. எங்க பொம்பளைககிட்டப் பேசியிருப்பேன். போறது என் வேலதானுங்களே. போகட்டுமா வேண்டாமான்னு நாங்க பாத்திருப்போம்." போகத் திரும்பியவள், "பயந்தவளுன்னு எழுதுனீங்களாமே. கதண்டு கலஞ்ச அன்னைக்கு ஆரு பயந்தாங்கன்னும் எழுதுனீங்களா?"

"வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முடிவெடுக்குமுன் சம்பந்தப்பட்டவரைக் கேள். பன்னிரண்டு குணங்களில் மூன்றாவது. இதே கிடங்கில் ஒரு மணி நேரம் பாடம் நடத்தியிருக்கிறேன். அவள் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டாள்.

18, புதன்

விடியும்போதே எழுந்து ஆபீசுக்குப் போனேன். படிவத்தைத் திரும்ப வாங்குவது. முதலில் எழுதியதையே மறுபடி எழுதுவது, கதண்டோடும் நான் ஓடியதோடும். அதை அவளுக்கும் அந்தப் பெண்களுக்கும் படித்துக் காட்டி, அனுப்புவதா வேண்டாமா என்று கேட்பது. நடக்கும்போது எல்லாம் தெளிவாக இருந்தது.

குமாஸ்தா மட்டும் இருந்தார். படிவங்கள் இருந்த தபால் பையை எடுத்துக்கொண்டு ஆள் கீழே கிளம்பி அரை மணி ஆகிறதாம்.

"சுமையோட போறானுங்க. நீங்க ஓட்டமாப் போனா மொத எறக்கத்துலயே புடிச்சரலாம்."

வழி வழுக்குமே என்றேன்.

குமாஸ்தா வெளியே எட்டி வழியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நாற்காலியை நகர்த்திப் போட்டார், உட்கார்ந்தேன்.

மூன்று நாளாக மழை இல்லை. மண் காய்ந்து புழுதி பறந்துகொண்டிருந்தது.