பேப்பர்காரரிடம் தப்பிய குரல்

மார்ச் 4

குரல்காரிக்கு,

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். தனித்தனி வீட்டுக்குப் போன பிறகு, மகளின் படிப்புச் செலவு தவிர வேறெதற்கும் உனக்கு நான் எழுதியதில்லை. இது வேறு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டில் சாப்பாடு. நீ முதன்முதலாகக் கதாநாயகிக்குக் குரல் கொடுத்த அந்த நர்ஸ் படத்தை ஓடிடியில் போட்டான். அவள் வாயைத் திறந்தால் வேறு யாரோ பேசுகிறார்கள். ‘வேண்டாம்’ என்பதற்கு முன் நீ ஒரு சின்ன மூச்சு இழுப்பாயே, அது இல்லை.

“இது உங்கண்ணி குரல் இல்லைடா” என்றேன்.

“அட விடுங்கண்ணா, புதுசா டப் பண்ணியிருப்பாங்க. இதுவும் நல்லாத்தானே இருக்கு? மாசம் கட்டுற காசுக்கு ஆயிரம் படம் வருது. பேசாம சாப்பிடுங்க.”

பேசாமல் சாப்பிட்டேன். உன்னிடம் பேசாமல் இருக்க முடியவில்லை. நான் வெளியூர் போயிருந்தபோது மூன்று அலமாரி டிவிடிகளையும் பழைய பேப்பர்காரரிடம் தள்ளிவிட்டு, “அதான் எல்லாம் ஃபோன்லயே வருதே” என்றாய். வருகிறது. நீதான் வரவில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருள் என் அலமாரியில் இருந்தால், எவனும் எனக்குத் தெரியாமல் அதில் ஆளை மாற்ற முடியாது. இதைச் சொல்லித்தான் உன் வீட்டாரிடம் பைத்தியம் என்று பெயர் வாங்கினேன்.

மகளின் அப்பா


மார்ச் 10

கோபக்காரருக்கு,

படியேறினால் மூட்டு வலிக்கிறதாமே? மகள் சொன்னாள். கோபம் வருகிற மாதிரி மாத்திரையும் வேளாவேளைக்கு உள்ளே போகட்டும்.

என் குரலை எடுத்துவிட்டது உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு ஸ்டூடியோவில் அம்மா வேடங்களுக்குக் குரல் தேடுகிறார்கள். மாதச் சம்பளம். எனக்கு அந்த வேலை ரொம்பத் தேவை. முன்பு என்ன செய்திருக்கிறீர்கள் என்று கேட்ட பெண்ணிடம் பெருமையாக அந்தப் படத்தைச் சொன்னேன். ஃபோனில் போட்டுக் கேட்டுவிட்டு, “இது உங்க குரல் இல்லையேம்மா” என்றாள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? பழைய டிவிடி கிடைத்தால் மாதம் முடிவதற்குள் கொண்டுவரச் சொல்லியிருக்கிறாள்.

கடை கடையாகத் தேடிவிட்டேன். இப்போது அந்தக் கடைகளில் கூட்டம் முட்டுகிறது. நம் மகள் வயதுப் பிள்ளைகள்தான் வாங்கி அடுக்குகிறார்கள். உங்களைப் பழைய பஞ்சாங்கம் என்று நினைத்தேன், கடைசியில் நீங்கள்தான் ஃபேஷன்! ஆனால் அந்தப் படம் மட்டும் எங்கும் இல்லை.

அலமாரியைப் பற்றி: மகளுக்கு மேசை போட இடம் வேண்டியிருந்தது. உங்களிடம் கேட்டிருப்பேன். நீங்கள்தான் அப்போது என்னோடு பேசவே இல்லையே.

உங்களிடம் ஒன்றாவது மிச்சமிருக்கிறதா?

மகளின் அம்மா


மார்ச் 14

ஒன்றே ஒன்று இருக்கிறது. அந்தப் படம்தான். நீ அலமாரியைக் காலி செய்த அன்று அது பிளேயருக்குள் இருந்தது. அங்கே திறந்து பார்க்க உனக்கும் தோன்றவில்லை, பேப்பர்காரருக்கும் தோன்றவில்லை.

தர மாட்டேன். பிரதி எடுக்கவும் வெளியே கொடுக்க மாட்டேன், கீறல் போட்டுவிடுவார்கள். அத்தனையையும் தூக்கிக் கொடுத்த கையில் மிஞ்சிய ஒன்றையும் கொடுக்க நான் ஏமாளி இல்லை.

மகளின் அப்பா


மார்ச் 18

கோபக்காரருக்கு,

சரி, தர வேண்டாம். உங்கள் பொருள். வேலைக்கு வேறு வழி பார்த்துக்கொள்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். அந்த மாதம் முழுக்க நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட, “உங்கம்மாகிட்ட சொல்லு” என்று மகளைத்தான் அனுப்பினீர்கள். அப்படிப்பட்டவரின் பிளேயருக்குள் என் படம் எப்படிப் போயிற்று?

மகளின் அம்மா


மார்ச் 24

குரல்காரிக்கு,

விவாகரத்து வழக்கில் உன் வக்கீல்கூட என்னை இப்படி மடக்கியதில்லை.

நீயும் மகளும் வெளியே போன பிறகு போட்டுக் கேட்பேன். படம் பார்க்க அல்ல. அந்த நர்ஸ் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே தனக்குத்தானே ஏதோ பேசுவாளே, அந்த இடம் வரைக்கும். அங்கே நீ பேசினால் நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. அது எனக்குச் சௌகரியமாக இருந்தது. இப்போதும் அப்படித்தான். அதனால்தான் தர மாட்டேன் என்றேன். போதுமா?

இரண்டு அட்டைகளுக்கு நடுவில் டிவிடியை வைத்துக் கட்டி, இத்துடன் அனுப்புகிறேன். ஓரத்தைப் பிடித்து எடு, விரல் படாமல். அந்தப் பெண்ணிடம் முழுப் படத்தையும் போட்டுக் காட்டு. கேட்டும் உன்னை எடுக்கவில்லை என்றால் அவளுக்குக் காதில் கோளாறு.

வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே. இது இரவல். திருப்பித் தர வேண்டும். தபாலில் வேண்டாம், திரும்பி வரும்போது உடைந்தாலும் உடையும். நீயே கொண்டு வா. அலமாரி விஷயத்தை நான் இன்னும் மறக்கவில்லை, அதையும் தெரிந்துகொண்டே வா.

கீழே என்ன போடுவது என்று இரண்டு தாளைக் கிழித்தாயிற்று. கணவன் என்று போட்டால் வக்கீல் சிரிப்பார். நண்பன் என்று போட்டால் நீ சிரிப்பாய். தபால்காரர் பெட்டியைத் திறக்கும் நேரமாகிறது. கையெழுத்து இல்லாமலே கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறேன்.