லுமுட்டுக்கு இரண்டே பேர்

என்னங்க,

பதினாறு வருஷம் இப்படித்தான் உங்களைக் கூப்பிட்டேன், பெயர் சொல்லிப் பழக்கமில்லை. புந்தோங் முழுக்க உங்களை மணியம் அண்ணே என்றது. எனக்கு மட்டும் நீங்கள் என்னங்கதான். இப்போதும் அப்படியே இருக்கட்டும்.

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. போன வாரம் உங்கள் அக்கா அமிர்தம் அண்ணி வந்து, பத்திரிகையில் உங்கள் படம் போட வேண்டும் என்றார். எழுதியே கொண்டுவந்திருந்தார். மேலே படம், நடுவில் நாலு வரிப் பாட்டு, அடியில் ‘பிரிவால் வாடும்’ என்று ஆரம்பித்து மனைவி, மகள், அக்கா, அத்தான், மச்சான்மார், பங்காளிகள் என்று முப்பத்திரண்டு பேர். என் பெயர் முதலில்தான் இருந்தது, குறை சொல்லக் கூடாது. ஆனாலும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! வேன் ஏறுகிறவர்களின் பட்டியல் மாதிரியே இருந்தது.

“அண்ணி, இந்த வருசம் நானே எழுதிக் குடுக்குறேன்” என்றேன்.

“நீ என்னாத்த எழுதுவ சரசு? எல்லாரு பேரும் வரணும்லா. விட்டுப்போனா கோவிச்சுக்குவாங்க.”

யார் கோபித்துக்கொள்வார்கள் என்று பார்த்துப் பார்த்தே நம் காலம் போய்விட்டதே, இனிமேலுமா?

நாம் கேட்டது என்ன பெரிய சீமையா? லுமுட். ஈப்போவிலிருந்து சித்தியவான் வரை பஸ். அங்கிருந்து எட்டுக் கட்டை, எட்டு மைல் தூரம், நம் சைக்கிளில். பிறகு படகேறிப் பங்கோர் தீவு. தீவின் இந்தப் பக்கம் இறங்கிக் குறுக்கே நடந்தால் அந்தப் பக்கம் மணலும் கடலும். ஒரு ராத்திரி தங்கி மறுநாள் குன்று ஏறி இறங்கித் திரும்பி வருவது. நீங்களும் நானும், இரண்டே பேர்.

நமக்கு உட்கார்ந்து ஊர் பார்க்கத் தெரியாது. ரப்பர் தோட்டத்தில் காண்டாக் கம்பில் தொங்கும் வாளி இரண்டையும் தோளில் போட்டுக்கொண்டு பால் சிந்தாமல் ஓடி, பால் நிறுக்கும் ஸ்டோருக்கு முதலில் வந்து நின்றவள் நான். தோட்டத்து சைக்கிள் போட்டியில் மூன்று வருஷம் யாரும் உங்களை முந்தவில்லை. உங்களுக்கு வராத ஒரே வித்தை நீச்சல். எனக்கு அது ஆற்றங்கரையில் பிறந்ததிலிருந்தே வரும். கல்யாணமான புதிதில் ஒருநாள் என் காதோடு கேட்டீர்கள்.

“எனக்கும் கத்துக் குடு சரசு. ஆனா இங்க வேணாம்லா. பொண்டாட்டி நீச்சல் சொல்லிக் குடுக்கிறான்னு பயலுங்க மானத்த வாங்கிருவானுங்க. நம்மள யாருக்கும் தெரியாத எடத்துல.”

அதற்குத்தான் லுமுட். அதற்குத்தான் இரண்டே பேர். நான் ஆசைப்பட்டது கடலுக்கு மட்டும் அல்ல. ஊருக்கெல்லாம் அண்ணனாக இருக்கும் மனுஷர் இரண்டு நாள் எனக்கு மட்டும் புருஷனாக இருக்க வேண்டும், என் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் பயப்பட வேண்டும். இது ஒரு குற்றமா?

முதல் தடவை நாம் தோட்டத்தில்தான் இருந்தோம். திங்கட்கிழமை திட்டம் போட்டோம். செவ்வாய்க்கிழமை நீங்கள் கங்காணியிடம் ஒரு வார்த்தை சொன்னீர்கள். ஊரில் இல்லாவிட்டால் தேடுவார்களாம்! வெள்ளிக்கிழமைக்குள் லயத்துக்கே சேதி போய், பால் ஏற்றுகிற லாரியைக் கழுவி நிறுத்திவிட்டார்கள். நாற்பது பேர், மூன்று அண்டா, ஒரு விறகுக் கட்டு. லுமுட்டை ஒட்டிய தெலுக் பாத்தேக் கடற்கரையில் எல்லாரும் கால் நனைக்க, நான் குனிந்து நின்று சோறு வடித்தேன். கடலை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன், அதுவும் அடுப்புப் புகைக்கு நடுவே. நீங்கள் பந்து விளையாடிவிட்டு வந்து, “நல்லா இருக்குலா?” என்று கேட்டீர்கள். கரண்டியை ஓங்கினேன், ஞாபகம் இருக்கிறதா?

பிறகு தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். நாம் ஈப்போவில் புந்தோங் பக்கம் வந்தோம். உங்களுக்கு பஸ் பட்டறையில் வேலை, எனக்குத் தையல் ஃபேக்டரி. மகள் வாசுகி பால்வாடிக்குப் போகத் தொடங்கிய வருஷம் மறுபடியும் பேச்செடுத்தேன். இந்த முறை வாயைத் திறக்கக் கூடாது என்று உங்களிடம் கற்பூரம் அடிக்காத குறை. பிள்ளையை அண்ணியிடம் விட்டுவிட்டு, விடியற்காலையில் இரண்டு சைக்கிளையும் தள்ளிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போகிறோம். அங்கே உங்கள் பட்டறை ஆட்கள், ஆறு குடும்பம், கையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களோடு நிற்கிறார்கள்.

“மச்சான், நீ டீக்கடையில சொன்னியே, நாங்க வராம இருப்போமா?”

நீங்கள் என்னைப் பார்த்து இளித்தீர்கள். நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஒரே மிதியில் வீட்டுக்கு வந்துவிட்டேன். பின்னாலேயே வந்து, “ஒரு வார்த்ததான் சொன்னேன் சரசு” என்றீர்கள். உங்கள் ஒரு வார்த்தை ஆறு குடும்பத்தைக் கூட்டும் என்று உங்களுக்குத் தெரியாதா? ஒன்பது நாள் நான் உங்களோடு பேசவில்லை. அந்த ஒன்பது நாளும் தெருவில் எதிர்ப்பட்டவர்களிடம் எல்லாம், “வீட்டுல பேச மாட்டேங்குதுலா” என்று அதையும் சொல்லி வைத்தீர்கள்.

அதன் பிறகு வருஷக்கணக்கில் நான் கேட்கவே இல்லை. கேட்டு என்ன பிரயோஜனம்? ஓட்டைப் பானையில் தண்ணீர் நிற்குமா?

ஆனால் பினாங்குப் பாலம் திறந்த வருஷம் நீங்களே வந்து கேட்டீர்கள். சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, “இந்தத் தடவ நெசமா போலாம் சரசு” என்றீர்கள். நான் நம்பவில்லை. நீங்களோ பழைய சைக்கிள் இரண்டையும் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சங்கிலி மாற்றி, துரு சுரண்டி, பச்சை பெயின்ட் அடித்துக் கொண்டுவந்தீர்கள். சித்தியவான் பஸ் கண்டக்டர் தங்கையா உங்களுக்குத் தம்பி மாதிரி. சைக்கிளைக் கூரைமேல் ஏற்ற வேண்டுமே என்று அவரிடம் மட்டும் சொன்னீர்கள். மூன்று வாரம் டீக்கடைப் பக்கமே போகவில்லை. போனால் வாய் தவறிவிடும் என்று பட்டறை விட்டதும் நேரே வீட்டுக்கு வந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தீர்கள். பேசாமல் இருப்பது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். எனக்காக அந்த விரதம் இருந்தீர்கள்.

சனிக்கிழமை காலை வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. உள்ளே பதினோரு பேர். முன்சீட்டில் அண்ணி.

“லுமுட்ல என்னாலா இருக்கு? பாலம் தொறந்துட்டாங்க, பினாங்கு போலாம்! ஏறுங்க ரெண்டு பேரும்!”

உங்கள் முகம் செத்துப்போனது. என் பக்கம் திரும்பி, “சத்தியமா நான் சொல்லல சரசு. வாசுகி மேல சத்தியமா” என்றீர்கள்.

பதினோரு பேர் கேட்கும்படி நான் சொன்னேன்: “உங்க சத்தியத்தத் தண்ணியிலதான் எழுதி வைக்கணும்.”

 பச்சை சைக்கிள் இரண்டையும் உள்ளே தள்ளி வைத்துவிட்டு வேனில் ஏறினீர்கள். பஞ்சர் ஒட்டுகிற பசைக் குழாய் உங்கள் சட்டைப்பையிலேயே இருந்தது. பாலத்துமேல் எல்லாரும் ஜன்னலுக்கு முண்டியபோதும் நீங்கள் அதைத்தான் தடவிக்கொண்டிருந்தீர்கள்.

என்னங்க, இதுவரைக்கும் எழுதியது எல்லாம் உங்கள்மேல் உள்ள கோபம். அதில் ஒரு வரியையும் அழிக்க மாட்டேன். ஆனால் இனி எழுதப்போவது என்மேல் உள்ளது. இதற்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

அண்ணியிடம் சொன்னது நான்தான்.

வியாழக்கிழமை வாசுகியை இரண்டு நாள் பார்த்துக்கொள்ளச் சொல்லப் போனேன். ஃபேக்டரியில் ஓவர்டைம் என்று பொய்கூடத் தயாராக வைத்திருந்தேன். அண்ணி என் முகத்தைப் பார்த்து, “என்னாலா, இன்னிக்கு இவ்ளோ சிரிப்பு?” என்றார். அவ்வளவுதான். சொல்லிவிட்டேன். உங்கள் மூன்று வார மௌனத்தை, பச்சை பெயின்ட்டை, படகை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, யாரிடமும் சொல்லாதீர்கள் அண்ணி என்று வேறு சொன்னேன். சந்தோஷத்தை ஒருத்தரிடமாவது சொல்லாவிட்டால் தொண்டையிலேயே நிற்கிறது. அன்றைக்குத்தான் அது எனக்குத் தெரிந்தது. உங்களுக்குத் தினமும் அப்படித்தான் இருந்திருக்கும் போல.

வாசலில் வேனைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. நான்தான் சொன்னேன் என்று ஒரு வாய் சொல்லியிருக்கலாம். எல்லார் முன்னாலும் உங்களைத் திட்டியே பழகிய வாய்க்கு அது வரவில்லை. அண்ணியும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “யாரு சொன்னா என்னா, ஏறுலா” என்று முடித்துவிட்டார். நீங்கள் அக்காவை எதிர்த்துக் கேட்கிற ஆள் இல்லை. யோசித்து யோசித்து, தங்கையாவைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்ற முடிவுக்கு வந்தீர்கள். அந்த மனுஷரோடு பேச்சை நிறுத்தினீர்கள். தம்பி என்று கூப்பிட்ட வாயால், ஓட்டை வாய்ப் பயல் என்று பஸ் நிலையத்திலேயே ஏசினீர்கள். அதை என்னிடம் வந்து சொன்னபோது நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை.

பிறகு சொல்லலாம், தீபாவளி கழித்துச் சொல்லலாம் என்று இருந்தேன். மறுவருஷம் நீங்கள் பட்டறையில் மயங்கி விழுந்தீர்கள், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. ஏன் அவ்வளவு அவசரம்? எல்லாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டே கிளம்புகிறவர், அன்றைக்கு மட்டும் சொல்லாமல் கிளம்பினீர்களே.

சாவு வீட்டுக்குத் தங்கையா வந்தார். என் முன்னால் நின்று, “கடைசி வரைக்கும் அண்ணே நம்பலியேக்கா. நான் சொல்லவே இல்லக்கா” என்று அழுதார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அழுகையில் ஒன்றும் காதில் விழாதது போல இருந்துவிட்டேன். இதைவிடக் கேவலம் உண்டா?

நேற்று மத்தியானம் பஸ் நிலையத்துக்குப் போய் அவரிடம் சொன்னேன். கையில் இருந்த டிக்கெட் கட்டை மூடி வைத்தார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன், ஏசியிருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

“அண்ணே இதக் கேட்டுட்டுப் போயிருக்கலாம்லாக்கா” என்றார்.

பிறகு, எத்தனை சைக்கிள் ஏற்ற வேண்டும் என்று கேட்டார். ஒன்று என்றேன். “யாரு சைக்கிளு?” என்றார். உங்களுடையது என்றேன்.

ஆமாம், போகிறேன். உங்கள் சைக்கிளில் குறுக்குக் கம்பி இருப்பதால் சேலை சரிப்படாது. வாசுகியின் பள்ளி விளையாட்டுக் காற்சட்டையைத்தான் போட்டுக்கொள்ளப் போகிறேன். அவளையும் தங்கையாவையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. “பயமா இல்லியாம்மா?” என்று கேட்டாள். பயமாகத்தான் இருக்கிறது. நாற்பது வயசில் எட்டுக் கட்டை மிதிக்க முழங்கால் ஒத்துக்கொள்ளுமா என்று கவலையாகவும் இருக்கிறது.

இந்தக் கடிதம் அச்சில் வருவது ஞாயிற்றுக்கிழமை. நான் பஸ் ஏறுவது சனிக்கிழமை காலை. அண்ணி பத்திரிகையை விரித்து, தன் பெயரைத் தேடி, என்னைத் திட்டி முடித்து வேனுக்குச் சொல்லி அனுப்பினாலும் இந்த முறை என்னைப் பிடிக்க முடியாது. வேன் படகில் ஏறாது.

நீங்கள் வாய் திறக்கவில்லை என்பதை இன்றைக்கு ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். அன்று பதினோரு பேர் முன்னால் உங்களை அவமானப்படுத்தினேன், அதற்கு இதுதான் பதில். தண்ணீரில் எழுதச் சொன்ன உங்கள் சத்தியத்தை இப்போது அச்சில் ஏற்றியாகிவிட்டது. மன்னிப்பீர்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். பங்கோரில் இறங்கி, குறுக்கே நடந்து, கழுத்தளவு தண்ணீருக்குப் போவேன். உங்களுக்குச் சொல்லித் தர வைத்திருந்ததை எல்லாம் சொல்லித் தருவேன். திரும்பி வந்ததும் அண்ணி கேட்பார், ஃபேக்டரியில் கேட்பார்கள், வாசுகியும் கேட்பாள். அங்கே என்ன நடந்தது என்று ஒருத்தரிடமும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

முப்பத்திரண்டு பெயர் இல்லாமல்,
உங்கள் மனைவி
சரசு