பச்சைச் சாறு கொண்டுவந்தவர்

அப்பா,

இன்று காலை லிஃப்ட் கதவு திறந்ததும் அந்த வாடை முகத்தில் அடித்தது. மூன்றாம் மாடிக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்ணின் கையில் ஒரு குப்பி, உள்ளே கோதுமைப் புல் சாறு. அவள் மேனி மினுமினுப்புக்காகக் குடிக்கிறாள்போல. நான் லிஃப்டில் ஏறவில்லை. படியிறங்கிப் போனேன்.

ஈரத் துணியில் சுற்றி மறந்துபோன புல்லின் வாடை. ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு குளிர்காலத்தில் தினமும் நீ அதைக் குடித்தாய். இந்த வங்காள ஊரில் நம் தமிழ்ச் சபாவுக்குச் செயலாளரான ராமநாதன் மாமா அதைப் பழைய ஊறுகாய் பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவருவார். எந்தக் காலத்திலும் கருப்புப் பேன்ட்தான் அவருக்கு. சாற்றின் மேல் எலுமிச்சை ஊறுகாயின் எண்ணெய் வளையமாக மிதக்கும். அதைப் பார்த்தபடியே நீ மடக்மடக்கென்று விழுங்குவாய்.

"டாக்டர்லாம் பயமுறுத்துவா சார். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு இதேதான். இன்னிக்கு ஜம்முனு நடமாடறார்."

"யாருன்னு சொல்லுங்கோ. ஒரு தடவை அவரோட பேசிட்டா போறும்."

"அவர் வெளியில சொல்லிக்கறதில்லை."

உனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். புராஸ்டேட் புற்றுநோய் வந்த ஒரே ஒரு மனிதர், எதிரே உட்கார்ந்து, தனக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டும். டாக்டரிடம் நீ கேட்டதற்கெல்லாம் "நார்மல்" என்று ஒரே பதில். மாமாவைத் தவிர ஊருக்கெல்லாம் அம்மா சர்க்கரை என்று சொல்லிவைத்தாள். அதன் பலன், சபாவின் நவராத்திரி சாப்பாட்டில் உன் இலையை மட்டும் தாண்டிப் பாயச வாளி போனது. நீ வாளியைப் பார்த்தாய், அம்மாவைப் பார்த்தாய், மோர் சாதத்தைப் பிசைந்தாய். எனக்குச் சிரிப்பும் வந்தது, அந்தக் கூடத்தின் மேலேயே ஓர் அருவருப்பும் வந்தது. சர்க்கரை என்றால் பந்தியில் சொல்லலாம், இதைச் சொல்லக் கூடாது. அது இடுப்புக்குக் கீழே.

நானும் இணையத்தில் ஆங்கிலத்தில் நிறையப் படித்தேன். உன்னிடம் தமிழில் சொல்ல வந்தபோது செய்தி வாசிப்பவள்போல "சிறுநீர்க் கட்டுப்பாடு" என்றேன். நீ மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு "சரிம்மா" என்றாய். நம் வீட்டுத் தமிழில் அதற்கு மேல் போக வழியில்லை.

பிறகு ஆஸ்பத்திரிச் சுவரில் பெங்காலியில் எழுதி ஒட்டியிருந்த ஒரு துண்டுத் தாளை நான் படித்தேன். சனிக்கிழமை மதியம், பின்தெருவில் இருக்கும் பாடா கிளப்பில், அதாவது தெருக்காரர்கள் கூடும் மன்றத்தில், இதே நோய் உள்ளவர்கள் கூடுகிறார்கள் என்று இருந்தது. உனக்கு மொழிபெயர்க்கலாம் என்று கூட வந்தேன். கேரம் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு வட்டமாக நாற்காலி போட்டிருந்தார்கள். ஜனவரி மாதம். எல்லாத் தலையிலும் குரங்குக் குல்லாய். நீ மட்டும் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டு வியர்த்துக்கொண்டிருந்தாய்.

என் உதவி தேவைப்படவில்லை. கிடர்பூர் துறைமுகத்தில் லாரிக்காரர்களோடும் கிரேன்காரர்களோடும் முப்பது வருஷம் கத்திக் கற்ற உன் பெங்காலிக்கு வெட்கம் தெரியாது. ஆபரேஷனுக்குப் பிறகு உட்கார்ந்தால் ஒன்றுமில்லை, இருமினால் நனைகிறது, அதனால் கருப்புப் பேன்ட் தவிர வேறு போடுவதில்லை என்றாய். ஹார்மோன் ஊசி போட்டதிலிருந்து உடம்பு அடுப்பாகக் கொதிக்கிறது என்றாய். இவ்வளவையும் என் முன்னால், நான் இல்லாததுபோல. உன் நோயை நான் முதன்முதலாகக் கேட்டது பெங்காலியில்தான்.

இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிமல்தா சிரித்தார். "ஓ கிச்சு நா, தாதா." அதெல்லாம் ஒன்றுமில்லை, ஊசியின் சூடு, தனக்கும் இரண்டு குளிர்காலம் இருந்தது, கழுத்தில் ஈரத் துண்டு போட்டுக்கொள் என்றார். கசிவை அடக்க எந்தத் தசையை எப்படி இறுக்குவது என்றும் சொல்லிக்கொடுத்தார். குல்லாய் போட்ட கிழவர்கள் எல்லாரும் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து, வெளியே எதுவும் தெரியாமல், மகா கவனமாக இறுக்கிக்கொண்டிருந்தார்கள். நோய் வந்தபின் நீ வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

திரும்பும்போது ஆட்டோவில் சொன்னாய்: "இதை யாராவது மொத நாளே சொல்லியிருக்கலாம்."

மறுநாள் சாறு வேண்டாம் என்றாய். மாமாவின் முகம் சுண்டிப்போனது. பின்னால் நோய் எலும்புக்குப் போயிற்று, நீயும் போனாய். துக்கம் கேட்க வந்த மாமா அம்மாவிடம் சொன்னார், "சாறை நிறுத்தினதுதான் தப்பாப் போச்சு." அன்று நான் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

போன மாதம் அவருடைய மனைவி என்னைக் கூப்பிட்டாள்.

"ஏண்டிம்மா, உங்கப்பாவுக்கு நனையாம இருக்க வெச்சுக்கற அந்த பேட் எந்தக் கடையில வாங்கினேள்? எங்களுக்குக் கொடுக்கறவன் கடையை மூடிட்டான்."

"யாருக்கு மாமி?"

"மாமாவுக்குத்தான். ஆபரேஷன் ஆனதுலேர்ந்து வேணுமே. உங்கப்பாவுக்கு வரதுக்கு முன்னாடியே சென்னைக்குப் போய்ப் பண்ணிண்டு வந்துட்டார். யார்கிட்டயும் சொல்லிடாதே."

நீ தேடிய மனிதர் உன் எதிரேதான் உட்கார்ந்திருந்தார், அப்பா. அவரும் நனைந்துகொண்டு, அவரும் கருப்புப் பேன்ட் போட்டுக்கொண்டு. கத்தியால் பிழைத்ததை மறைத்து, உனக்குப் புல்லைக் கரைத்துக் கொடுத்தார். இந்த இடத்தில் இரக்கம் வர வேண்டும் என்று நான் படித்த புத்தகங்கள் எல்லாம் சொல்கின்றன. வரவில்லை. அந்தப் பாட்டிலின் எண்ணெய் வளையம்தான் நாக்கில் வந்தது.

கடைக்கு வழி சொன்னேன். பிறகு போனை மாமாவிடம் கொடுக்கச் சொல்லி, சனிக்கிழமைக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். நீ போன பிறகும் நான் அங்கே போகிறேன். ஆங்கிலத்தில் படித்ததை அவர்களுக்கு பெங்காலியில் சொல்கிறேன்.

"பெங்காலிக்காரா முன்னாடி இதையெல்லாம் எப்படிம்மா பேசறது?"

"தமிழ்ல பேச முடிஞ்சுதா மாமா?"

போனை வைத்துவிட்டார்.

போன சனிக்கிழமை வாசலில் அந்தக் கருப்புப் பேன்ட். பிமல்தா எழுந்து உன் நாற்காலியையே இழுத்துப் போட்டார். வேண்டாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. மாமா நுனியில் உட்கார்ந்தார். எத்தனை வருஷமாக என்று யாரோ கேட்டதற்கு என்னைப் பார்த்தார். "சொல்லுங்கோ" என்றேன். உடைந்த பெங்காலியில் சொன்னார். தசையை இறுக்குவது பற்றி அவரிடம் இதுவரை யாருமே சொன்னதில்லை. அவரும் யாரையும் கேட்டதில்லை.

ஆட்டோவில் நீ சொன்ன அந்த வாக்கியம் ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. யார் புதிதாக வந்தாலும் தெரிந்ததையெல்லாம் முதல் நாளே சொல்லிவிடுகிறேன். அவருக்கும் சொன்னேன், நம் வீட்டுத் தமிழில், கூசாமல். அவர் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னேன். ஆனால் ஒன்றையும் விடவில்லை.