என் கடைவாசலில் இராயப்பர்

4 மே 1992

இன்று கடையில் தங்கூசி வலை இரண்டு, நூல்கட்டை ஏழு விற்றது. மத்தியானம் ஆமி வந்து கடைக்கு முன்னால் உள்ள வெறும் நிலத்தை அளந்தது. பக்கத்துத் தேநீர்க்கடை இப்றாஹிம் சொன்னார்: "மச்சான், உங்கட வாசல்லதான் மண்மூட்டை அடுக்கிக் காவலுக்குச் சென்றி போடப்போறாங்களாம்." வந்தால் எந்த மீன்காரன் என்னிடம் வலை வாங்குவான்? பதினாறு வயதில் நூல்கட்டுச் சுமந்து பனிச்சங்கேணிவரை நடந்து விற்றுப் பிடித்த கடை இது. விடுவேனா?

6 மே

வழி கிடைத்தது. அந்த இடத்தில் ஒரு சாமி நின்றால் மூட்டை அடுக்குவார்களா? ஆமிக் காம்புப் பெரியவன் சிலாபத்து வேதக்காரனாம், யேசுவைக் கும்பிடுகிறவன். அப்போ வேதச் சாமிதான். நான் சைவம், மனைவி மேர்சி வேதம். கேட்டேன். "இராயப்பரை வையுங்க. அவரும் வாவியில வலை போட்டவர்தான்" என்றாள். வலைக்கடைக்குத் தோதான ஆள்.

9 மே

உன்னிச்சைப் பக்கம் அம்மன் கோயில் சிலைகள் செய்யும் சீனித்தம்பியைப் பிடித்தேன். மேர்சி சொன்னதையே சொன்னேன்: தாடிக்காரர், கையில் மோட்சக் கதவைத் திறக்கிற திறப்பு, காலடியில் சேவல். சேவல் எதற்கென்று நான் கேட்கவில்லை. ஒரு சேவலுக்கு எவ்வளவு சீமெந்து போய்விடும்?

21 மே

சிலை வண்டிலில் வந்தது. சுற்றியிருந்த வைக்கோலை விலக்கினால் — இராயப்பர் கையில் வேல்!

"சீனித்தம்பி, திறப்பு எங்க?"

"சேவல் இரிக்கிற சாமிக்கு வேல் இல்லாம எப்படி? நீங்க மாறிச் சொல்லிப்போட்டீங்களாக்கும் எண்டு நானே திருத்தினன்."

மேர்சி சிரித்துச் சிரித்துப் படியில் இருந்துவிட்டாள். ஆமி கண்டால் சிரிக்குமா? சீனித்தம்பி அங்கேயே வேலை உளியால் தட்டித் திறப்பாக்கினான். கொஞ்சம் நீளத் திறப்பு.

22 மே

ஊரடங்கு விட்ட கையோடு நட்டு இறுக்கினோம். பத்து மணிக்குள் மூன்று பேர் மெழுகுதிரி கேட்டார்கள். வாங்கி வைக்க வேண்டும்.

25 மே

ஜீப். காம்புப் பெரியவனே இறங்கினான். தமிழ் நன்றாகத் தெரியும்.

"இது யார் வச்சது?"

போன மாதம் அனுமதியில்லாமல் மதில் கட்டின ஒருவர் விசாரணைக்குக் காம்புக்கு நடந்தே செருப்புத் தேய்ந்துபோனார். நாக்கு தானாகச் சொன்னது: "தெரியா சேர்."

"உன் கடைக்கு முன்னாலதானே நிக்குது?"

"நான் சைவம் சேர். எனக்கும் இதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை."

"சீமெந்தாவது நீ குடுக்கலியா?"

"இந்தக் கிழவரை இண்டைக்குத்தான் வடிவாப் பாக்கிறன்."

"அப்ப யாருடையதும் இல்லை. நாளண்டைக்குத் தூக்கிக் கோயில்ல குடுத்திட்டு, இங்க சென்றி போடுறம்."

அட மடையா! நானே கெடுத்தேனே.

சோறு போடும்போது மேர்சி கேட்டாள்: "இஞ்சருங்க, எத்தினை தரம் இல்லையெண்டீங்க?"

"மூண்டு."

"இராயப்பரும் மூண்டு தரந்தான். யேசுவைப் பிடிச்ச அண்டு, 'அவரை எனக்குத் தெரியா' எண்டவர். மூண்டாந்தரம் சொல்லக்குள்ள சேவல் கூவினது. அதுதான் அந்தச் சேவல்."

ஐந்து ரூபாய் லாபத்துக்குக் கூசாமல் பொய் சொன்னவன் நான். இந்தப் பொய் மட்டும் ஏன் விடமாட்டேன் என்கிறது?

26 மே

காம்புக்குப் போனேன். மத்தியானம்வரை மரவாங்கில் இருத்தினார்கள்.

"நான்தான் சேர் வச்சன்."

"ஏன்?"

இனி என்ன மறைப்பு? "என்ட வாசல்ல நீங்க மூட்டை அடுக்காம இருக்க."

நான் மேசையிலிருந்த மைப்போத்தலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நேத்து மூணு தரம் இல்லைன்னு சொன்னே."

"ஓம் சேர்."

"சேவல் கூவிச்சா?"

"கூவினது சேர். என்ட பொஞ்சாதி."

மைப்போத்தல் ஆடும்படி சிரித்தான். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு, "போ" என்றான். அவ்வளவுதான். அதற்கு என்ன அர்த்தம்?

27 மே

மூட்டை லொறி வந்தது. என் வாசலில் நிற்கவில்லை.

29 யூன்

இராயப்பர் திருநாள். சென்றி றோட்டுக்கு அந்தப் பக்கம், பூட்டிக் கிடக்கும் படமாளிகை முன்னால். ஆமிக்காரன் துவக்கின் வாய் இந்தப் பக்கம்தான் பார்க்கிறது. ஆனாலும் என் வாசலுக்கு ஆட்கள் வருகிறார்கள். காலையில் சேவல் கொண்டைக்குச் சிவப்பு பெயின்ற் பூசினேன். தன்னாமுனையிலிருந்து வந்த மனுசி ஒருத்தி திரி கொளுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணன், இந்தச் சிலை ஆர்—"

"நான்தான்" என்றேன்.