படகில் இருந்தது தண்ணீர்தான், அப்பா

நான் பாதி சொன்னாலே மீதியைப் புரிந்துகொள்ளும் என் அப்பாவுக்கு,

இத்தனை வார்த்தைகளை நேரில் ஒருநாளும் உங்களிடம் பேசியதில்லை. இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன் என்றால் நம்புவீர்களா? பினாங்கில், நம் டத்தோ கிராமாட் வட்டாரத்தில் உங்கள் படகைப் பற்றி ஒரு பேச்சு இருக்கிறது. வீடு வீடாகப் போய், "அப்படியெல்லாம் இல்லைங்க" என்று சொல்ல எனக்கு வாய் வராது. எழுதினால் வரும். உங்களுக்கே எழுதினால் இன்னும் சுலபமாக வரும்.

உங்களை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் விசைப்படகு ஓட்டி ஓய்வு பெற்ற பிறகு, யாரோ வேண்டாமென்று விட்ட பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கினீர்கள். தஞ்சோங் தோக்கோங் கரையில் பாக் டின் என்ற மலாய் மீனவரின் கொட்டகைக்குப் பக்கத்தில் அதை வைத்திருந்தீர்கள். வீட்டில் ஒருவர் தவறிவிட்டால், அஸ்தி கரைக்க உங்களைத்தான் தேடி வருவார்கள். கடலில் பானை உருளக் கூடாது என்று படகின் நடுவில் ஒரு மரச்சட்டம் செய்து வைத்தீர்கள். "மடியில வச்சுக் கொண்டுபோற மாதிரி இருக்கணும்" என்று சொல்லிச் சொல்லித் திருகாணிகளை முடுக்கினீர்கள்.

போன வருடம் அந்தச் சட்டத்தில் உங்கள் பானை உட்கார்ந்தது. சித்தப்பா படகை ஓட்டினார். அம்மாவும் நானும் கரையில் நின்றோம். படகு பின்பக்கமாக அவ்வளவு தாழ்ந்துபோனது அப்பா, அலை விளிம்பைத் தொட்டு உள்ளே எட்டிப் பார்த்தது. ஐயரின் மந்திரம் கரைவரைக்கும் கேட்டது, பயத்தில் அத்தனை சத்தம். அஸ்தியைக் கரைத்துவிட்டுத் திரும்பும்போதும் படகு அதே கனம்தான். கரையேறிய சித்தப்பா மணலில் உட்கார்ந்து அழுதார்.

"அண்ணன் எறங்கல அண்ணி. இன்னும் உள்ளதான் இருக்காரு."

அவர் மனது தாங்காமல் சொன்னது. ஆனால் அந்த வார்த்தை எங்களுக்கு முன்பே வீடு வந்து சேர்ந்துவிட்டது. 'அந்தப் போட்ல ஏறினவங்க எறங்க மாட்டாங்களாம்' என்று லிட்டில் இந்தியா பூக்கடையில் எனக்கு முன்னாலேயே பேசினார்கள். அதன் பிறகு படகு கேட்டு ஒருவரும் வரவில்லை.

அம்மா அதை நம்பினார். வெள்ளிக்கிழமைதோறும் பஸ் ஏறிக் கரைக்குப் போவார். காப்பியை ஊற்றிப் படகுக்குள் வைத்துவிட்டு வீட்டு விஷயங்களை உங்களிடம் சொல்வார். புது அரிசி குழைந்துபோகிறது, குழாய் ஒழுகுகிறது, இவள் இன்னும் யாரிடமும் பேசுவதில்லை. நான் பக்கத்தில் நின்று படகின் விளிம்பில் கை வைத்துக்கொள்வேன். உங்களுக்குக் கேட்டதா?

சித்தப்பாவால் அதைப் பார்க்க முடியவில்லை.

"திதிக்கு முன்னால இத வெட்டி லோரில ஏத்திடணும். இது இங்க கெடக்குற வரைக்கும் அண்ணிக்கு வீடு ஞாபகமே வராது" என்றார்.

"போட்ட வெட்டுறதுன்னா மொதல்ல என்னைய வெட்டுங்க தம்பி" என்றார் அம்மா.

சித்தப்பாவும் விடவில்லை. திதி நெருங்கிக்கொண்டிருந்தது.

பாரம் மூன்று வகுப்பு முடித்ததும் நான் பள்ளிக்கூடத்தை விட்டது உங்களுக்குத் தெரியும். கடலுக்கு அந்தப் பக்கம் ஜுருவில் வேலை கிடைத்தது நீங்கள் போன பிறகு. மீன் ஐஸ்பெட்டி செய்கிற பட்டறை. பாலம் வந்துவிட்டாலும் எனக்கு ஃபெர்ரியும் பஸ்ஸும்தான். பெட்டிக்கு உள்ளே ஒரு ஃபைபர் ஓடு, வெளியே ஓர் ஓடு. நடுவில் இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினால் நுரைத்து எழும்பி ஃபோமாக இறுகிவிடும். ஒருநாள் பழைய பெட்டி ஒன்று திரும்பி வந்தது. காலிப் பெட்டி, ஆனால் ஆண்கள் சேர்ந்து தூக்கியும் முக்கினார்கள். எங்கள் மேற்பார்வை ராணி அக்கா அதைத் தட்டிப் பார்த்தார்.

"ஓடு வெடிச்சிருக்கு பாரு. உள்ள ஃபோம் தண்ணி குடிச்சிருச்சு. குடிச்சிட்டா லேசுல விடாதுலா, எங்க வீட்டுக்காரர் மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். நான் கையில் மூடியோடு அப்படியே நின்றேன். படகின் தளத்துக்கு அடியிலும் ஃபோம்தானே இருக்கிறது? உள்ளே தண்ணீர் புகுந்தாலும் மூழ்காமல் மிதக்க வேண்டும் என்று அடைத்து வைத்திருப்பார்கள். அன்று ஃபெர்ரியில் கடலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். உண்மையைச் சொல்கிறேன் அப்பா, அது தண்ணீராக இருக்கக் கூடாது என்றுதான் எனக்கும் இருந்தது. தண்ணீர் என்றால் நீங்கள் அங்கே இல்லை.

அம்மாவிடம் சொன்னேன். இருவரும் பஸ் ஏறினோம். கரையில் இறங்கியதும், "தொளை போட்டுத்தான் பாக்கணுமா?" என்று கேட்டார்.

"ம்."

"வலிக்காம போடு."

பாக் டின்னிடம் கைத்துளைப்பான் வாங்கிப் படகின் பின்பக்கம், அடியில், சின்னதாக ஒரு துளை போட்டேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு சொட்டு. பிறகு நூல் போல ஒழுக ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. பாக் டின் சுருட்டு பிடித்து முடித்த பிறகும் ஒழுகிக்கொண்டிருந்தது.

"இவ்வளவு நாளா உங்க அப்பாவ குண்டுன்னு சொல்லிட்டு இருந்தீங்களா?" என்று அவர் மலாயில் கேட்டுவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். அம்மா அந்தத் தண்ணீருக்கு அடியில் கையை நீட்டிக்கொண்டே இருந்தார்.

அடுத்த விடுமுறையில் தளத்தை அறுத்தேன். ஃபைபர் தூசி தோலில் ஏறினால் அரிக்கும், அதனால் பட்டறையில் செய்வதுபோல் கை முழுக்க முகப்பவுடர் பூசிக்கொண்டேன். உள்ளே இருந்த ஃபோம் மஞ்சளாக இல்லை, பழுப்பாக, ஊறிய ரொட்டி மாதிரி இருந்தது. தோண்டத் தோண்ட ஒன்று தெரிந்தது. உங்கள் மரச்சட்டத்துக்கு நேர்கீழே இருந்த ஃபோம்தான் எல்லாவற்றையும்விடக் கறுத்திருந்தது. திருகாணித் துளைகள் அப்பா. காரியம் முடிந்ததும் பாலும் தண்ணீரும் சிந்திய தளத்தை ஒவ்வொரு முறையும் கடல்தண்ணீர் விட்டுக் கழுவுவீர்களே, அது அந்தத் துளைகள் வழியாகத்தான் இறங்கியிருக்கிறது. பானை உருளக் கூடாது என்று நீங்கள் போட்ட துளைகள்.

அம்மா ஒரு துண்டை எடுத்துப் பிழிந்தார். தண்ணீர் முழங்கைவரை வழிந்தது. இன்னொரு துண்டையும் பிழிந்தார்.

"கடைசி வருஷம் மூணு பேருக்கு மேல ஏத்த மாட்டேன்னாரே. எண்ணெத் தொட்டியப் பின்னாலருந்து முன்னால தூக்கி வச்சாரே. வயசாயிடுச்சு, பயப்படுறாருன்னு நான் நெனச்சேன்." அவர் குரல் ஏறியது. "தெரிஞ்சுருக்கு! மனுஷனுக்குத் தெரிஞ்சுருக்கு! இத்தன தண்ணிய வயித்துல வச்சுக்கிட்டா ஊர் சனத்தையெல்லாம் ஏத்திக்கிட்டுப் போனீங்க? எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன கொறஞ்சா போயிடுவீங்க?"

ஃபோம் துண்டைக் கடலைப் பார்த்து விட்டெறிந்தார். பாக் டின் மெல்ல எழுந்து கொட்டகைக்குள் போய்விட்டார். நீங்கள் இருந்தபோதுகூட அம்மா உங்களை அப்படித் திட்டி நான் கேட்டதில்லை. நீங்கள் போனதிலிருந்து அவர் உங்களிடம் கோபப்பட்டது அன்றுதான் முதல் தடவை.

உங்களுக்குத் தெரியுமா அப்பா? தெரிந்துதான் ஓட்டினீர்களா? திறந்தால் மாதக்கணக்கில் படகு கரையில் கிடக்கும், அதற்குள் வருகிற குடும்பங்களை என்ன செய்வது என்று நினைத்தீர்களா?

அழுது முடித்ததும் அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னோடு தோண்ட உட்கார்ந்தார்.

அதன் பிறகு காயவைக்கிற வேலை. பினாங்கு மழைதான் உங்களுக்குத் தெரியுமே, காலையில் திறந்து வைத்தால் சாயங்காலம் ஓடிப்போய் மூட வேண்டும். சித்தப்பா வந்து பார்த்துத் திகைத்துவிட்டார்.

"என்னா புள்ள, போட்ட நீயே வெட்டிட்டியா?"

"மழை வருது தம்பி. கேள்விய அப்புறம் கேளுங்க, அந்தக் கான்வாஸப் புடிங்க" என்றார் அம்மா. பிடித்தவர் அன்றிலிருந்து தினமும் வந்தார்.

பட்டறையில் மிஞ்சிய திரவங்களை ராணி அக்கா முதலாளி தவுக்கேயிடம் பேசி வாங்கித் தந்தார். பட்டறையில் கூரை நிழல் இருக்கிறது என்பதை நான் மறந்துபோனேன். உச்சி வெயிலில் கலந்தேன். ஊற்றத் தூக்குவதற்குள் வாளியிலேயே பொங்கி, கிண்டிய குச்சியையும் விழுங்கிக்கொண்டு வழிய ஆரம்பித்துவிட்டது. நான் பயந்து பின்னால் நகர்ந்தேன்.

"எந்தப் பக்கம் பொங்குச்சுடி மொதல்ல?" என்று அம்மா ஓடிவந்து கேட்டார்.

"கெழக்கால."

"அப்ப நல்லதுதான்!" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். பொங்கலுக்குக்கூட அடுப்பு மூட்டாத வருடம் அது. சித்தப்பா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன் ஆரம்பித்தோம். கொஞ்சமாகக் கலந்து, ஊற்றி, அது எழும்பி இறுகும்வரை காத்திருந்து, மறுபடி கொஞ்சம். பிறகு தளத்தை ஃபைபர் இழைப் பாய் வைத்து, பிசின் பூசி மூடினேன். உங்கள் மரச்சட்டத்தைப் பழைய இடத்திலேயே வைத்தேன். திருகாணி போடவில்லை, பிசினால் ஒட்டினேன். நன்றாகப் பிடித்துக்கொண்டது.

திதிக்கு முந்தின நாள் படகைத் தண்ணீரில் தள்ளினோம். சித்தப்பா முழங்கால் ஆழத்தில் நின்றுவிட்டார், ஏறக் கால் வரவில்லை. அம்மாதான் முதலில் ஏறினார். ஏறியதும் படகு துள்ளியது. "யம்மாடி!" என்று தடுமாறிப் பலகையில் உட்கார்ந்தார். படகின் பக்கவாட்டில் இத்தனை வருடமாகப் பாசி பிடித்திருந்த பச்சைக்கோடு தண்ணீருக்கு மேலே நன்றாகத் தெரிந்தது.

அம்மா உங்களிடம் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் கடலைப் பார்த்தார். பிறகு சித்தப்பா பக்கம் திரும்பினார்.

"தம்பி, யாராச்சும் வந்து கேட்டா போட் இருக்குன்னு சொல்லுங்க."

சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினார்.

நானும் விளிம்பில் கை வைத்துப் பார்த்தேன் அப்பா. நீங்கள் அங்கே இல்லை. கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று வீடு திரும்பும்போது பஸ்ஸில் அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கினார். அவர் அப்படி அசந்து தூங்கி எவ்வளவு நாளாகிறது!

இதைப் படிக்கிறவர்களுக்கு: படகில் இருந்தது தண்ணீர்தான். எடுத்துவிட்டோம். உங்கள் வீட்டுப் பெரியவர்களை நாங்கள் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்போம்.

உங்களுக்கு ஒரு வாக்கு அப்பா. பின்பக்கத்தில் நான் போட்ட துளையை அடைக்கவில்லை, திருகு மூடி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் அதைத் திறந்து பார்ப்பேன். ஒரு சொட்டு வந்தாலும், உங்களைப் போல எனக்குள் வைத்துக்கொள்ள மாட்டேன். அன்றைக்கே அம்மாவிடம் வாய் திறந்து சொல்லிவிடுவேன்.

உங்கள் மகள்,
தேவி